தடங்கல்

குட்டாயிசியில் நவம்பர் மழை.
மல்காஸ் வாங்கிய கேமரா எட்டு-கே.
கணினியோ அவன் விவாகரத்துக்கும் முந்தியது:
பதினாறு ஜிபி ராம்,
மேடேறும் லாரிபோல் இரைகிற விசிறி.

திரையில் கல்யாணம்.
நெஸ்தான் மோதிரத்துக்கு விரல் நீட்டுகிறாள்,
நீட்டுகிறாள்,
நீட்டியபடியே
உறைந்துபோகிறாள்.

திட்டிக்கொண்டே எழுந்துபோய்க் காபி போட்டான்.
திரும்பி வந்தபோதும் அதே விரல்.
அப்போதுதான் கண்ணைப் பார்த்தான்.
அது மாப்பிள்ளை மேல் இல்லை,
மெழுகுவர்த்தி பிடித்து நின்ற தோழன் மேலும் இல்லை.
கதவின் மேல் இருந்தது,
எத்தனை எட்டு என்று
அளப்பதுபோல.

பல் டாக்டர் அக்காளிடம் கடன் வாங்கினான்.
அறுபத்துநான்கு ஜிபி, புது கிராபிக்ஸ் கார்டு,
எஸ்எஸ்டி இரண்டு,
இத்தனைக்கும் தீனி போட
ஆயிரம் வாட் பவர் சப்ளை.

இப்போது படம் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது.
விரல் நீள்கிறது, மோதிரம் ஏறுகிறது,
பாதிரியார் தும்மலை அடக்குவதுகூடத் தெரிகிறது.
அந்தப் பார்வை மட்டும்
நொடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு.

மாமியார்க்காரி போனில் கேட்டாள்:
"நல்லா வந்திருக்கா?"
"ஒரு தடங்கலும் இல்லை" என்றான்.

பழைய ராமை ஏனோ
இன்னும் விற்கவில்லை.