பித்தளைத் தகடு

இத்ரியாவில் பனி பெய்த ஒரு செவ்வாய்க்கிழமை
கடல்களுக்கு அப்பால் ஓர் அரசு கவிழ்ந்தது.
எங்கள் தொழிற்சாலையில் முதலில் அறிந்தவள் நான்.
செய்தி பார்த்து அல்ல,
வங்கியின் இரண்டு வரி மின்னஞ்சலில்:
கடன் கடிதம் நிறுத்திவைக்கப்பட்டுள்ளது.
காரணம் என்ற கட்டத்தில் ஒரு சின்னக் கோடு.

நாங்கள் கைப்பம்பு செய்கிறவர்கள்.
முப்பத்தோரு பேர், ஒரு வார்ப்பு உலை,
என்றைக்கும் பழுதான காப்பி இயந்திரம்.
அந்த நாட்டுக் கிணறுகளுக்கென்று
முந்நூற்று நாற்பது பம்புகள்.
ஒவ்வொன்றின் நெற்றியிலும் பித்தளைத் தகடு:
கிராமக் குடிநீர் அமைச்சகம்,
மேலே ஒரு கழுகு, மூலைக்கொரு திருகாணி.

அமைச்சகம் இப்போது இல்லை.
கழுகும் இல்லை என்கிறார்கள்.

இருநூறு பம்புகள் ஏறிய கப்பல்
துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டிருக்கிறது.
ஓடினால் ஒரு கூலி, நின்றால் வேறு கூலி.
அங்கே யாரும் சுடாத நாளிலும்
இங்கே கணக்கில் ரத்தம் போகிறது.

காப்பீட்டுக்காரர் விட்டோமிர் பூட்ஸைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார்.
"புரட்சி என்றால் தருவோம்.
நிர்வாக மாற்றம் என்றால் இல்லை.
இது எது என்று
அவர்களே இன்னும் அறிவிக்கவில்லையே."

மீதி நூற்று நாற்பதில்
தகடு கழற்றுகிறான் ப்ளாஷ்.
மிகைநேர ஊதியம் நின்றுவிட்டது அவனுக்கு.
பாதி ஓடு வேய்ந்த அவன் வீட்டுக் கூரையில்
மறுபாதி தார்ப்பாய்.
கழுகுகளை ஒரு பிளாஸ்டிக் வாளியில் போடுகிறான்,
டிங், டிங்.

நான் அறை ஒன்பதுக்குப் போன் செய்கிறேன்.
ஏழு வருடமாக அங்கே யோனாஸ்:
ஒவ்வொரு ஆர்டருக்கும் மூன்று விழுக்காடு குறைக்கச் சொல்பவர்,
நான் மறுத்ததும் சிரித்துவிட்டுக் கையெழுத்திடுபவர்.
மணி போகிறது. போய்க்கொண்டே இருக்கிறது.
அந்த மேசை இருக்கிறதா என்றுகூடத் தெரியவில்லை.
இப்போது கேட்டால்
மூன்றையும் கொடுத்துவிடுவேன்.

பத்தாவது வாரம் ஒரு கடிதம்.
தேசிய மீட்புப் பேரவையின்
நீர்வளங்களுக்கான இடைக்காலச் சிறப்புக் குழு.
பம்புகள் வேண்டுமாம், உடனே.
புதிய பெயரோடு, புதிய சின்னத்தோடு
(சின்னம் பின்னர் அனுப்பப்படும்).
கையெழுத்து யாருடையதோ.
கடைசி வரியில் மட்டும்:
விலையில் மூன்று விழுக்காடு குறைக்க இயலுமா?

அந்த வரியை
நாலைந்து முறை படித்தேன்.

பெயரின் நீளத்தை ப்ளாஷ் அளந்து பார்த்தான்.
"தகட்டில் அடங்காது."

வேண்டாம், தகடே வேண்டாம் என்றேன்.
நான்கு துளைகளை மட்டும் விட்டுவை.