கண்கட்டு

ஹோபோக்கனில் இந்த விடுதியில்
இரவு மூன்று மணிக்குத் தூக்கம் வராதவர்கள்
ஒவ்வொருவராகக் கூடத்துக்கு வந்துவிடுவோம்.
அந்த நேரத்தில்தான் பழைய நிகழ்ச்சியை மறுபடி போடுகிறார்கள்.
கருப்பு வெள்ளை.
என்றைக்கும் அங்கே ஞாயிறு, இரவு பத்தரை.

நீண்ட மேசைக்குப் பின்னால் நால்வர்.
வில் டை, முத்து மாலை, ஆளுக்கொரு தண்ணீர் டம்ளர்.
வந்திருப்பவர் என்ன வேலை பார்க்கிறார்
என்று கண்டுபிடிக்க வேண்டும்.
ஆம், இல்லை. அதற்கு மேல் பதில் கிடையாது.

"நீங்கள் செய்யும் பொருளைத் தின்னலாமா?"
"இல்லை."
"தலைக்கு உபயோகப்படுமா?"
"ஆம்."
"எனக்கு வேண்டியிருக்குமா?"
"அவசரமில்லை" என்கிறார் நடத்துபவர் குறுக்கே புகுந்து.
அரங்கம் குலுங்குகிறது.
அந்த மனிதர் சவப்பெட்டிக்குத் தலையணை தைப்பவர்.
இப்போது நினைத்தால்
நால்வருக்கும் வேண்டியிருந்திருக்கிறது.

பக்கத்து நாற்காலி வாலஸ் பிட்னர்
இதை ஆறு தடவை பார்த்தாயிற்று.
மாத்திரை போட்டோமா என்பது நினைவில் நிற்காது,
தலையணை நிற்கும்.
ஆனாலும் விடையை முந்திக்கொண்டு சொன்னதில்லை.

கடைசிச் சுற்றுக்கு மட்டும் நால்வர் கண்ணையும் கட்டுவார்கள்.
வருகிறவர் முகம் உலகத்துக்கே தெரிந்தது.
கட்டியவள் நான்.
ஒன்பது வருஷம், வாரம் நான்கு முடிச்சு.
கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் என்பார்கள்.
வெளிச்சத்தில் விட்டுப் பார்க்க வேண்டும்:
வாய் குழந்தையின் வாயாகிவிடும்,
கை டம்ளரைத் தேடி மேசையில் ஊர்ந்துபோகும்.
மெர்ரிட் கோலுக்கு மூக்கின் ஓரம் சந்து விழும்.
"இன்னும் இறுக்கு, இரேனா" என்பார்.
திருடத் தெரியாத மனிதர்.

அது ஒரு மார்ச் மாதம். வெளியே சேறும் பனியும்.
கரும்பலகையில் விருந்தாளி பெயர் எழுதுகிற சத்தம்.
சாக்பீஸ் இரண்டாவது எழுத்தில் கீச்சென்றது.
கோலின் கை ஊர்வதை நிறுத்தியது.
கைதட்டல் அப்புறம்தான் வந்தது.

லெனோரா ஆஷ்ப்ரூக்.
பதினொரு வருஷம் அவர் மனைவி.
பிறகு கலிபோர்னியா, வக்கீல்கள், பத்திரிகைகள்.
யார் செய்த ஏற்பாடு என்று கடைசிவரை தெரியவில்லை.
சுண்டெலிக் குரலில் பேசினாள்.

"ஆம்" வருகிறவரை முறை அவருடையது. அதுதான் விதி.
அவர் கேட்டார்:
"நீங்கள் திரைப்படங்களில் நடிப்பவரா?"
ஆம்.
"வெகுதூரத்திலிருந்து வருகிறீர்களா?"
ஆம்.
"அங்கே எலுமிச்சை மரங்கள் உண்டா?"
ஆம்.
"காப்பியில் சர்க்கரை போடுவதில்லை, அப்படித்தானே?"
சிரிப்பு. "கோல், இது தொழில் சம்பந்தப்பட்டதா?"
ஆம், என்றாள் அவள், யாரும் கேட்காமல்.
"இப்போது நன்றாகத் தூங்குகிறீர்களா?"
கொஞ்சம் பொறுத்து, ஆம்.

திரைக்குப் பக்கத்தில் நின்று எண்ணினேன்.
ஏழு.
பெயரைச் சொன்னால் கட்டை அவிழ்க்க வேண்டிவரும்.
அவர் சொல்லவில்லை.

"நாம் சந்தித்திருக்கிறோமா?"

"இல்லை."

அந்த ஒன்றுதான் அவளுடைய சொந்தக் குரல்.
மணி அடித்தது. கட்டை அவிழ்த்தேன்.
எழுந்து அவள் கையை முத்தமிட்டு
"என்னை நன்றாக ஏமாற்றிவிட்டீர்கள்" என்றார்,
தேசம் முழுக்கக் கேட்கும்படி.
துணி ஈரமாக இருந்தது.
அலசிக் காயப்போட்டேன். அடுத்த வாரத்துக்கு வேண்டுமே.

அந்த நாடாவின் மேல் பிறகு
ஏதோ குத்துச்சண்டையைப் பதிந்துவிட்டார்களாம்.
நாடா விலை அப்படி.
எத்தனை வருஷம் மறுபடி போட்டாலும்
அந்த ஞாயிறு வராது.
வருவது மற்ற ஞாயிறுகள்.

இன்றைக்கு வந்ததில், கோலின் பின்னந்தலையில்,
ஒரு நொடி, ஒரு கை.
நகத்தில் பூச்சில்லை. முடிச்சை இழுத்துவிட்டுப் போய்விடுகிறது.

"யார் கை அது?" என்றார் வாலஸ்.

"அப்படிக் கேட்கக் கூடாது.
ஆம், இல்லை என்று பதில் வருகிற மாதிரி கேளுங்கள்."

யோசிக்கிறார்.
கதவு வைத்த குளியல் தொட்டிக்கு விளம்பரம் ஓடுகிறது.
இன்னும் யோசிக்கிறார்.