கப்ளர் என்ன விலை

வெள்ளிக்கிழமை மாலை நாலேகால்.
தக்காளிச் சட்னிக்கு நடுவில்
ஒரு கருகல் வாடை.
அடுப்பில் எதுவும் இல்லை.
மிக்ஸிதான் தீய்ந்திருந்தது.

அரசாங்கம் இலவசமாய்த் தந்தது.
பதினோரு வருஷம்.
வீட்டுக்கென்று கொடுத்ததைக்
கடைக்கு ஓட்டினேன், தப்பு என்னுடையதுதான்.
நாளுக்கு எட்டுத் தேங்காய்,
மூன்று கிலோ தக்காளி,
மூடியை உள்ளங்கையால் அமுக்கி
இடப்பக்கம் லேசாய்ச் சாய்த்தால்தான் சுற்றும் என்கிற
நிலைமையிலும் சுற்றியது.

அன்று வெறும் சாம்பாரோடு இட்லி விற்றோம்.
வந்தவர்களிடமெல்லாம் ரெஜினா
எத்தனை மணிக்கு, எப்படி என்று
சாவு வீட்டில் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கையில் நாலாயிரத்து இருநூறு.
சீட்டுப் பணம் வர இன்னும் பதினெட்டு நாள்.

புரசைவாக்கம். ஏசி போட்ட கடை.
டை கட்டிய பையன்.
"ஆயிரம் வாட்ஸ்க்கா, கல்லையே அரைக்கும்."
எனக்குக் கல் அரைக்க வேண்டாம் தம்பி.
"நாலு ஜார். ஓடும்போது நீல லைட் எரியும்."
நான் இருட்டில் அரைப்பதில்லை.
"மோட்டாருக்கு அஞ்சு வருஷம் வாரண்டி."
ஜாருக்கு?
"ஜாருக்கு வந்து..."
பிளேடுக்கு?
கப்ளர் தேய்ந்தால் என்ன விலை, எங்கே கிடைக்கும்?

பையன் மேனேஜரைத் தேடினான்.
"வீட்டு உபயோகத்துக்குத்தானே?" என்றார் மேனேஜர்.
ஆமாம் என்று வாய்வரை வந்துவிட்டது.
கடைக்கு ஓட்டினால் வாரண்டி செல்லாது என
அட்டையின் பின்னால் எறும்பு ஊர்வதுபோல் போட்டிருந்தது.
ஒரு பொய்யின் விலையும் சேர்த்துத்தான்
ஆறாயிரத்து எண்ணூறு.

வெளியே வெயில்.
"மாப்பிள்ளையைப் பத்தி மாப்பிள்ளை வீட்டுலயா கேப்பாங்க,
பக்கத்து வீட்டுல கேக்கணும்டி" என்றாள் ரெஜினா.

தானா தெருவில் ரிப்பேர் கடை.
கடை என்பது ஒரு ஷட்டரில் பாதி.
வயிறு திறந்து கிடந்தன மிக்ஸிகள்,
ஒவ்வொன்றின் காதிலும் நூல் கட்டி
சொந்தக்காரர் பெயர், போன் நம்பர்.
இனாயத்துல்லா நிமிரவில்லை.
நான் கேட்டேன்:
உங்க கிட்ட வராத மிக்ஸி எது?

ஸ்க்ரூடிரைவரை வாயிலிருந்து எடுத்தார்.
"என் பொழப்பைக் கெடுக்க வந்தீங்களா?"

பிறகு தொட்டுத் தொட்டுச் சொன்னார்.
இது வாட்ஸ் பெருசு, உள்ளே செம்பு இல்ல, அலுமினியம்.
இது ஜாரடியில ஒழுகும், மூணே மாசம்.
இது தங்கம், ஆனா ஸ்பேர் கிடைக்காது,
கம்பெனியே இல்ல இப்போ.
எழுநூத்தம்பது வாட்ஸ் போதும் உங்களுக்கு.
அடியில சிவப்புப் பொத்தான் இருக்கான்னு பாருங்க,
மூச்சு முட்டினா அதுவா நின்னுக்கணும்.
சிகரெட் அட்டையைக் கிழித்து ஒரு பெயர் எழுதினார்.
"பார்க்க நல்லா இருக்காது. சத்தம் வேற."

நல்லாத்தான் இல்லை.
ஆறிப்போன டீயின் நிறம்.
வெள்ளாளர் தெருச் சின்னக் கடையில்
நாலாயிரத்து அறுநூறு என்றார்கள்.
ரெஜினா இரண்டு தடவை படியிறங்கினாள்,
இரண்டு தடவை கூப்பிட்டார்கள்.
நாலாயிரத்து இருநூறும் போனது.
வியாசர்பாடிக்கு பஸ் நமக்கு இலவசம்,
இல்லாவிட்டால் தலையில் வைத்து நடந்திருப்போம்.

போகிற வழியில் இனாயத்திடம்
கப்ளர் இரண்டு கேட்டேன். நாற்பது ரூபாய்.
இல்லை என்றேன்.
தாளில் மடித்துக் கையில் வைத்தார்.
"பாக்கியைக் குடுக்க மட்டும் வாங்க.
வேற எதுக்கும் வராதீங்க."
எந்தக் கடைக்காரரும் என்னை
இவ்வளவு பிரியமாய் அனுப்பியதில்லை.

சனிக்கிழமை.
சத்தம் போட்டது, சொன்னபடியே.
மாடியிலிருந்து ஹவுஸ் ஓனர் தரையைத் தட்டினார்.
நாங்கள் பேச்சை நிறுத்திவிட்டு
ஜாருக்குள் பார்த்துக்கொண்டே நின்றோம்,
தேங்காய் தேங்காயாக இல்லாமல் போகும்வரை.

ஆட்டோ தனசீலன் முதல் ஆளாய் வந்தார்.
வெள்ளைச் சட்னியில் இட்லியைத் தோய்த்து
வாயில் போட்டு
சற்று யோசித்து
உப்பு கம்மி என்றார்.

அவர் கொடுத்த இருபதை மட்டும்
டப்பாவில் போடாமல்
ஜாக்கெட்டுக்குள் செருகினேன்.
இன்னும் ஒரு இருபது வேண்டும்
தானா தெருவுக்கு.