ஏழாவது பொருள்

மாலை ஐந்தரை. நகர்மன்றத்தின் இரண்டாம் மாடி.
வேல்ஸ் மழை கண்ணாடியில் சாய்ந்து நிற்கிறது
மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவரைப் போல.
நான் குறிப்பெடுப்பவள்.
பேசுவதற்கு எனக்குச் சம்பளம் இல்லை.

மேசையைச் சுற்றிக் கூட்டாளிகள்.
வீட்டுவசதிச் சங்கத்திலிருந்து கெத்தின்.
சுகாதாரத் துறை அனுப்பிய மாற்று ஆள்,
பெயர் கேட்க மறந்துபோனேன்.
காவல்துறை வருத்தம் தெரிவித்திருந்தது.
நெடுஞ்சாலைப் பிரிவு அதையும் தெரிவிக்கவில்லை.

ஆறு பொருள் முடிய மணி ஏழு.
கார் நிறுத்தும் இடம் மட்டுமே ஐம்பது நிமிடம் தின்றது.
ஏழாவது பொருள்:
பென்ட்ரெவெல் நகரில் பிள்ளைகள் விளையாடப்
போதுமான இடம் உண்டா?

போதும் என்றால் எவ்வளவு?
ஓர் ஊஞ்சலுக்கு எத்தனை கால்கள்?
தலைவர் இயூவன் கை விரித்தார்.
பஞ்சப்பாட்டு எங்கள் மன்றத்தில் எல்லோருக்கும் மனப்பாடம்;
சுகாதாரத்தின் மாற்று ஆள்கூடப்
பல்லவியில் சேர்ந்துகொண்டார்.

அப்போதுதான் எலுனெட் வரைபடத்தை விரித்தாள்.
விளையாட்டுப் பணியாளர், வாரம் பதினாறு மணி நேரம்,
காலணியில் இன்னும் சேறு.
பச்சை அடித்த இடங்கள் நான்கு: மன்றத்தின் பூங்காக்கள்.
ஆரஞ்சுப் பொட்டுகள் நூற்றுப் பன்னிரண்டு:
பிள்ளைகள் ஒட்டியவை.
பச்சைக்குள் விழுந்தவை ஒன்பது.

மீதி எங்கே?
மூடிக்கிடக்கும் இறைச்சிக் கடையின் பின்படிக்கட்டில்.
கராஜ் சரிவில்.
இரண்டு குப்பைத்தொட்டிகளுக்கு நடுவே,
"இது எங்க வீடு" என்று பென்சிலில் எழுதி.
ஒரு விளக்குக்கம்பத்தில், ஏனென்றால்
அதைத் தொட்டுவிட்டால் யாரும் உன்னைப் பிடிக்க முடியாது.
ஒன்று ஆற்றுக்கு நடுவில்.
அதைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை.

முப்பத்தேழு பொட்டுகள் ஒரே புல்தரையில்,
எறும்பு மொய்த்தது போல.
கெத்தின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார்.
"இது நம்ம சி பிளாக். அங்கே பலகை இருக்கிறதே."

பந்து விளையாடக் கூடாது.
வெல்ஷில் ஒரு முறை, ஆங்கிலத்தில் ஒரு முறை,
புரியவில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாதல்லவா.

வைத்தது யார்? கோப்பில் இருந்தது.
தொண்ணூற்றொன்றில் ஒரு புகார்,
பதினான்காம் எண், இரவு ஷிப்ட், பகலில் தூக்கமில்லை.
கெத்தின் படித்துக்கொண்டே வந்தவர் நிறுத்தினார்.
"பதினான்கு எங்க அப்பா."
மழைச்சத்தம் மட்டும்.
"இப்போ காதுக் கருவியைக் கழற்றி வைச்சிட்டுத்தான் தூங்குறார்.
மேளம் அடிச்சாலும் எழுந்திருக்க மாட்டார்."

சிரித்தோம். பிறகு சிக்கல் தொடங்கியது.
பலகை சங்கத்துக்குச் சொந்தம்.
கம்பம் நெடுஞ்சாலைக்கு.
புல் மன்றத்துக்கு.
நான்கு திருகாணிகளுக்கு மூன்று நிறுவனங்கள்.
கடிதம் எழுதுவதென்று தீர்மானம்.
அடுத்த கூட்டம் மார்ச்சில்.

குறிப்பில் எழுதினேன்.
செயல்: பலகை.
பொறுப்பு:
அந்தக் கட்டம் காலியாகவே இருந்தது,
பேருந்தில், சமையலறையில், இரவு முழுக்க.

சனிக்கிழமை ஸ்க்ரூடிரைவருடன் போனேன்.
மூன்று கழன்றன. நான்காவது துருப்பிடித்து ஊறியிருந்தது.
பலகை ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்கி
காற்றில் ஆடத் தொடங்கியது.
அதன் எழுத்துகள்மேல் பந்து பட்ட பள்ளங்கள்,
பல வருடத்துப் பள்ளங்கள்.
அதுதான் இத்தனை நாளும் அவர்களுடைய
இடது கோல்கம்பம்.

யாகோடா, எட்டு அல்லது ஒன்பது வயது,
முட்டிவரை சேறு, இடுப்பில் கை:
"நீங்க கவுன்சிலா?"
"இல்லை. கூட்டத்தில் குறிப்பெடுக்கிறவள்."
"அப்போ எழுதிக்குங்க" என்றாள்
பந்தை நோக்கி ஓடிக்கொண்டே,
"நாங்க மூணு, அவங்க ரெண்டு."