கண் மூடியவை

வெயில் வளவுக்குள் இறங்குவது
பதினொன்றே முக்காலுக்கு.
அரை மணி நேரம் நிற்கும், பிறகு கூரை ஏறிவிடும்.
முந்தின நாளே வந்து
தூண் தூணாக நின்று பார்த்துவிட்டேன்
எது மூக்குத்தியைக் காட்டும்
எது முகத்தைத் தின்னும் என்று.

கானாடுகாத்தானில் இந்த ஒரு வீட்டுக்கு
முப்பத்தொரு பங்கு.
சாவிக்காரர் கூடவே வந்தார்.
"அந்தக் கதவு கோலாலம்பூர்க்காரர் பங்கு,
லைட் ஸ்டாண்டைச் சாய்க்காதீங்க."
முபாரக் நகர்த்தினான்.
"இது அண்ணாநகர்க்காரரோடது."
மறுபடியும் நகர்த்தினான்.
கடைசியில்
யாரும் பங்கு கேட்காத
வானத்துக்குக் கீழே போய் நின்றோம்.

பெண் உமையாள். மாப்பிள்ளை சோலையப்பன்.
கழுத்தூரு ஏறியதும் அவள் கழுத்து
கொஞ்சம் முன்னால் வந்துவிட்டது.
"நிமிருங்க" என்றேன்.
"நீங்க போட்டுட்டு நிமிர்ந்து காட்டுங்கக்கா."
அவள் சிரிக்கவில்லை, அவன் சிரித்தான்.
அது நல்ல படம்.

பங்காளிகள் எல்லாரும் ஒரே படத்தில் வேண்டுமாம்.
அகல லென்ஸ் போட்டேன்.
ஓரத்தில் நின்ற சித்தப்பாக்கள் இரண்டு மடங்கானார்கள்.
அது லென்ஸின் குற்றம் என்று
அவர்கள் வீட்டுக்கே போய்ச் சொல்ல வேண்டியிருக்கும்.

பதினொன்றே முக்காலுக்கு
வெயில் சொன்ன சொல் தவறாமல் வந்தது.
மணப்பெண் வரவில்லை.
யாரோ ஒரு மாமா காலில் விழுந்துகொண்டிருந்தாள்,
அடுத்த மாமா வரிசையில் இருந்தார்.
பன்னிரண்டு பத்துக்கு ஓடி வந்தாள்,
வேர்வையோடு, ஒரு கொலுசைக் காணோம்.
ஐந்து நிமிடம் மிச்சம்.
ஆத்தங்குடிக் கல்லின் சிவப்பு
தரையிலிருந்து எழும்பி
அவள் தாடையில் ஒட்டிக்கொண்டது.
கடை வாசலில் மாட்டப்போவது அதைத்தான்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதையல்ல.

மத்தியானம், இரண்டாம் கட்டு.
சாமான் பரப்பிய இடத்தில்
எவர்சில்வர் வாளிகளுக்கு நடுவே
இரண்டு பேரையும் உட்காரச் சொல்லிவிட்டு
கார்டு மாற்றிக்கொண்டிருந்தேன்.
நிமிர்ந்தால், அவள் தூங்கிவிட்டாள்.
அவன் கையை அழுத்திக்கொண்டு,
வாய் லேசாகத் திறந்து.
நெற்றிச் சுட்டியில் ஒரு ஈ.
கையை எடுத்தால் விழித்துக்கொள்வாள்.
அதனால் உதட்டைக் குவித்து
மெல்ல ஊதினான்.
ஈ போகவில்லை.
இன்னும் மெல்ல ஊதினான்.

ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டாவது படம்.

செக்காலை ரோட்டுக் கடையில் இரவு
முதலில் கழிப்பது கண் மூடியவற்றை.
பதினாறு வருஷமாக அதுதான் சட்டம்.
முபாரக் டிலீட் பொத்தானில் விரலை வைத்து
அழுத்தாமல் இருந்தான்.
"ஆல்பத்துக்கு ஆகாதுடா.
கண் மூடியிருக்கு, பட்டு கசங்கியிருக்கு,
பின்னால வாளி."
"அழிக்கவாக்கா?"

பெண்ணின் அம்மா அனுப்பிய பட்டியலில்
இருநூற்றுப் பத்து எண்கள்.
அந்த எண் இல்லை.
ஒரே ஒரு பிரதி எடுத்து
ஆல்பப் பெட்டியின் அடியில்
வெல்வெட்டுக்குக் கீழே செருகினேன்.
பில்லில் எழுதவில்லை.
கண்டுபிடித்தால் கண்டுபிடிக்கட்டும்.

ஷட்டரை இறக்கும்போது முபாரக் கேட்டான்:
"உங்க கல்யாண ஆல்பத்தைக் காட்டினதே இல்லியேக்கா?"

இரண்டே படம்தான்.
பாஸ்போர்ட் சைஸ்.
தேவகோட்டைப் பதிவாளர் ஆபீஸில்
ஏதோ ஒரு ஃபைலுக்குள் இருக்கும்.
பக்கத்துப் பக்கத்தில் ஒட்டியிருந்தாலும்
ஒருவரையொருவர் பார்க்காமல்
இரண்டு பேரும் சர்க்காரைப் பார்க்கிறோம்.
சாட்சிக் கையெழுத்துப் போட வந்த ஸ்டீபன்
பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று அவசரப்படுத்தினான்.
பசை ஈரமாகவே இருந்தது,
என் முகம் ஒரு மூலையில் எழும்பி எழும்பி நின்றது.

அவர் குனிந்து
அதன் மேல் ஊதினார்.