பதினான்காம் ஆள்

எத்திராஜ் அண்ணன் நைட் ஷிப்ட் முடித்து வந்து
டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்தபோதுதான்
என்னவென்று கேட்டேன்.
"போன்ல போட்டுப் பாத்தேம்மா" என்றார்.

கை நடுங்குது ஏன் என்று போட்டிருக்கிறார்.
அரை நொடியில் கோடிச் சொச்சம் பதில்:
பித்தம், பயம், மூளையில் கட்டி,
நாற்பதே நாளில் லேகியம்.
அன்றிலிருந்து, மகள் கார்ட்டூன் பார்க்கும்போதும்
நடுவில் ஒரு தைலக்காரன் வந்து
கை நடுங்குதா என்கிறான்.
கொருக்குப்பேட்டை கேட் மூடிக்கிடந்த அரை மணியில்
நாலு தடவை வந்தானாம்.

எங்கள் கல்லூரி நூலகத்தில்
மூன்றாவது கணினியில் மட்டும் மவுஸ் நகரும்.
அந்தத் தரவுத்தளத்துக்குத் தமிழ் வராது,
ஏன் என்றால் புரியாது.
நடுக்கம் என்பதை இங்கிலீஷில் போட்டேன், லட்சம் தாண்டியது.
வெல்டர் சேர்த்தேன், சில நூறு.
என்ன புகை என்று அதற்குத் தெரிய வேண்டும்.
எனக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் அண்ணன்
வெல்டிங் ராடு பெட்டியின் அட்டையைக் கிழித்துக் கொண்டுவந்தார்.
பொடி எழுத்தில் ஐந்தாவது வரி: மாங்கனீஸ்.

பதினொன்று வந்தது.
வெளியில் ஒரு கட்டுரை முப்பத்தைந்து டாலர்,
அண்ணனுக்கு மூன்று நாள் கூலி.
என் கல்லூரிக் கடவுச்சொல்லுக்குச் சும்மா திறந்தது.
இருபது நிமிஷம் நான் அசையாதிருந்தால்
என்னை மறந்தும் விடுகிறது.
அந்த மரியாதை பிடித்திருந்தது.

சாயங்காலம் காசிமேட்டில், ஐஸ் பெட்டிகளின் பக்கம்,
தமிழாக்கித் தமிழாக்கி வாசித்தேன்:
ஆள் எண் பதினான்கு. ஆண். வயது நாற்பத்தொன்று.
கப்பல் பட்டறை. மூடிய தொட்டிக்குள் பத்தொன்பது வருடம்.
கையெழுத்து சிறுத்துக்கொண்டே போகிறது.
பின்பக்கமாக நடந்தால் விழுகிறார்.

அண்ணன் எழுந்தார்.
மீன்தண்ணி வழிந்த தரையில்
எண்ணி ஐந்தடி பின்னால் நடந்தார்.
ஐந்தாவது அடியில் ஒரு பெட்டியைப் பிடித்துக்கொண்டு
"பெட்டி தடுக்கிச்சு" என்றார்.
பெட்டி ஒரு முழம் தள்ளித்தான் இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து,
"அந்தப் பதினாலாம் ஆளு இப்ப எப்டிகீறான்?"

கட்டுரை நான்காம் அட்டவணையோடு முடிந்துவிட்டது.
மேலும் ஆய்வு தேவை என்பது கடைசி வரி.
"அப்ப இதுல போடு" என்று போனை நீட்டினார்.
போட்டேன்.
தைலக்காரன் வந்தான்.

திங்கட்கிழமை ஸ்டான்லிக்கு எட்டு மணிக்கே போய்விடலாம்,
சீட்டு வாங்க வரிசை நீளம் என்றேன்.
அந்த அட்டையை மட்டும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்,
டாக்டர் கேட்காவிட்டாலும் எடுத்துக் காட்டுங்கள்.