செவ்வாய்க்கிழமைப் பாதை

படத்தில் அது வாவி. எங்களுக்கு ஆறு.
குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் நடுவில்
ஆளையும் சைக்கிளையும் சுமந்து
ஒரு இரும்புத் தட்டுப் போகும், வரும்.
அதைப் பாதை என்போம்.
வேறு ஊரில் பாதை கிடக்கும், ஆட்கள் நடப்பார்கள்.
இஞ்ச பாதை நடக்கும்,
நாங்கள் நிற்போம்.

செவ்வாயில் அந்தப் பாதையால்தான்
லோன்காரப் பொடியன் வருவான்,
வினோஜிதன்.

முதல் லோன் கோழிக்கு.
நாற்பதில் முப்பத்தாறு
ஒரே மழையில் விறைத்துச் செத்தது.
இரண்டாவது லோன் முதலாவதைக் கட்ட.
மூன்றாவது, இரண்டாவதுக்கும்
மகளின் சடங்குக்கும்.
தையல் மெஷினுக்கு என்று எழுதிக்கொடுத்தேன்.
பார்க்க வந்த ஐயாவுக்கு
நேசமலரின் மெஷினைக் கொண்டுவந்து வைத்து
சீத்தைத் துண்டொன்றையும் போட்டு
மிதித்துக் காட்டினேன்.
நாலாவதைக் கேட்காதீர்கள்.
அதற்குப் புத்தகமே இல்லை.

மஞ்சள், பச்சை, நீலம்,
மூன்று புத்தகமும் பால்மா டின்னுக்குள்.
இறுக்கி மூடியும்
உள்ளுக்குள் குட்டி போடுகிறது.

எங்கள் கந்தன் கோயிலில்
கப்புகனார் வாயைத் துணியால் கட்டித்தான் பூசை வைப்பார்.
கடன்காரிக்கும் அதே முறைதான்.
அவருக்குத் திரைக்குப் பின்னால் சாமி இருக்கு.
என் வீட்டுத் திரைச்சீலைக்குப் பின்னால்
நான்தான் இருந்தேன், மூச்சைப் பிடித்தபடி,
போன செவ்வாயும்
அதற்கு முந்தின செவ்வாயும்.
"பூமாக்கா... பூமாக்கா..."
சட்டி அடுப்பில் கொதித்து
என்னைக் காட்டிக்கொடுத்தது.

அதனால் இன்றைக்கு வீட்டிலேயே இல்லை.
வெள்ளாப்பிலேயே பாதையில் ஏறிவிட்டேன்.
அங்கால போய் இறங்கவில்லை,
இஞ்சால வந்தும் இறங்கவில்லை.
பாதைக்காரர் பார்த்தார்.
அவர் ஒருவர்தான் என்னிடம் ஒன்றும் கேட்காத ஆள்.
அழைப்புக்குப் பயந்து போனை நிறுத்தியிருந்தேன்,
அதோடு நேரமும் நின்றுபோனது.
மறுகா குருமண்வெளியில் முட்டியபோது
முதலில் ஏறியது
அவனுடைய மோட்டார்சைக்கிள்.

இடையில் ஒரு ஆடு,
இரண்டு ரீச்சர்மார், ஒரு மூட்டை பசளை.
அவன் என்னைப் பார்த்தான்.
நான் பார்த்ததையும் பார்த்தான்.
இந்தத் தண்ணீரைத் திரைச்சீலையாக இழுத்துவிட ஏலாது.
அவன்தான் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கினான்,
அந்த வெயிலில்.
ஆற்றின் பக்கம் கிறுகி நின்றான்.
அவன் மூச்சில் கண்ணாடி
உள்ளிருந்து வெள்ளையாகிக்கொண்டே வந்தது.

மண்டூர்க் கரையில் வண்டியை உருட்டிக்கொண்டு
முகம் திருப்பாமல் சொன்னான்:
"அக்கா, இப்ப உங்கட வீட்டுக்குத்தான் போறன்.
போய்க் கூப்பிடுவன். ஆளில்லை எண்டு எழுதுவன்."
இரண்டடி போய்,
"நேசக்காதான் கட்டவேணும்."

நல்ல பொடியன்.
அந்த நல்லதுக்கும்
நேசமலர்தான் காசு கட்டவேணும்.
மூன்று பேர் கையெழுத்து, ஒரு கயிறு.
மற்றவள், சுதாஜினி, குவைத்துக்குப் போனவள்
குரல்பதிவில் அழுவதோடு சரி.
போன கிழமை என் கட்டுக்காசையும் வைத்துவிட்டு
நேசமலர் வேலிக்கு அங்கால நின்று
என்னைக் காணாததுபோல முருங்கைக்காய் பறித்தாள்.
முன்பென்றால் பாதி எனக்கு.

அப்போதுதான் உறைத்தது:
அவர்கள் பைலில் அந்த மெஷின் என்னுடையது.
பறிக்க வந்தால்
அவள் வீட்டில் பறிப்பார்கள்.

சங்கிலி கழன்றது. இரும்பு அசைந்தது.
"என்ன புள்ள, இறங்கிறயா, இல்லையா?"
அவரும் கேட்டுவிட்டார்.

சேற்றுக்குள் குதித்தேன்.
ஒரு செருப்பு அங்கேயே கிடக்கட்டும்.
மடியில் முந்நூற்றெண்பது ரூபா,
கட்டவேண்டியது ஆயிரத்து எழுநூறு.
அவன் றோட்டால் சுற்றிப் போவான்,
முதலில் என் வீட்டுக்கு, இல்லாத என்னைக் கூப்பிட.
வரம்பால் விழுந்தடித்தால்
நேசமலர் வீடு கிட்ட.

மெஷின் கதையை முதலில் சொல்லவேணும்.
காசை மறுகா.